பல பரிணாம மரங்களை ஒரே மரமாக்குவது எப்படி: டெல்டா மீன்களை வைத்து ஒரு செய்முறை

குளம், வாய்க்கால், வயல் மீன்களை வைத்து டிஎன்ஏ வேலை செய்பவர் கையில் எப்படியும் ஒன்றுக்கு மேற்பட்ட பரிணாம மரங்கள், அதாவது எந்த இனம் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப்படங்கள், சேர்ந்துவிடும். சிஓ1 மரபணு ஒரு மரம் தரும். ராக்1 வேறு மாதிரி தரும். பழைய ஆய்வுக் கட்டுரையில் மூன்றாவதாக ஒன்று இருக்கும், அதில் பாதி இனங்கள் நம்மிடம் இல்லாதவை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மரமாக்க வேண்டும் என்றதும் இணையத்தில் முதலில் கண்ணில் படும் மென்பொருளை இறக்கி ஓட்டிவிடுவார்கள். ஏதோ ஒரு மரம் வரும். எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஏதோ ஒரு மரம் வரும் என்பதுதான் இந்தத் துறையின் தொல்லை.

ஆகவே மென்பொருளுக்கு முன், கையில் இருப்பவை எப்படிப்பட்ட மரங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும்.

முதல் நிலை: எல்லா மரங்களிலும் அதே இனங்கள், அதே தரவு. பூட்ஸ்ட்ராப் செய்ததில் (தரவைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து ஓட்டியதில்) கிடைத்த ஆயிரம் மரங்கள், மிஸ்டர்பேயஸ் என்ற நிகழ்தகவு மென்பொருள் தந்த மரங்கள், பார்சிமனியில் (குறைந்த மாற்றங்களில் முடியும் மரத்தைத் தேடும் முறையில்) சம மதிப்பெண் பெற்ற மரங்கள் எல்லாம் இந்த வகை. இதற்குத் தேவை ஒருமித்த மரம், அதாவது கன்சென்சஸ்.

இரண்டாவது: ஒவ்வொரு மரமும் ஒரு மரபணுவிலிருந்து வந்தது, இனங்கள் ஏறக்குறைய ஒன்றே. இங்கே தேடுவது சிற்றின மரம், அதாவது இனங்களே பிரிந்த வரலாறு. ஆஸ்ட்ரல் வகை மென்பொருள்களின் இடம் இது.

மூன்றாவது: மரங்கள் வெவ்வேறு ஆய்வுகளில் இருந்து வந்தவை, இனப்பட்டியல்கள் ஓரளவே ஒத்துப்போகின்றன, மூல டிஎன்ஏ வரிசைகள் கைக்கு எட்டவில்லை. இதற்குத்தான் சூப்பர்ட்ரீ, அதாவது பல மரங்களை ஒட்டிக் கட்டும் பெரிய மரம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மூல வரிசைகள் கிடைக்கும் என்றால் மூன்றாவது வழிக்குப் போகாதீர்கள். ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ களஞ்சியத்தில் வரிசை இருக்கும்போது அதிலிருந்து வரைந்த மரத்தை மட்டும் எடுத்துச் சேர்ப்பது, கையில் உள்ள தகவலில் பெரும்பகுதியைக் குப்பையில் போடுவது. சூப்பர்ட்ரீ கடைசி வழி. வேறு வழி இல்லாதபோது நல்ல வழி.

கட்டளைகளைக் கீழே ஒலிப்பாகத் தமிழில் தந்திருக்கிறோம். தட்டும்போது அதற்குரிய ரோமன் எழுத்துகளைப் போடுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது முக்கியமான இடங்களில் அதையும் குறித்திருக்கிறோம்.

கோப்பும் பெயரும்

இந்த மென்பொருள்கள் எல்லாம் படிக்கும் பொது வடிவம் நியூவிக். 1986-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டோவர் ஊரில் நியூவிக்ஸ் என்ற கடல் உணவகத்தில் கூடிச் சாப்பிட்டபடி இறுதி செய்ததால் அந்தப் பெயர். வடிவம் எளிது. உறவுள்ளவை ஓர் அடைப்புக்குறிக்குள், இடையில் காற்புள்ளி, கடைசியில் அரைப்புள்ளி:

(பனையேறி,(குரவை,(விரால்,பூவிரால்)));

பனையேறி வெளிக்குழு, அதாவது ஒப்பிட வைத்த தூரத்து உறவு; விராலும் பூவிராலும் மிக நெருங்கியவை; குரவை அவற்றுக்கு அடுத்த உறவு. இது பயிற்சிக்காக எழுதிய வடிவம், விரால் குடும்பத்தின் உண்மை வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி அரைப்புள்ளி விட்டுப்போனால் பல மென்பொருள்கள் பிழை என்றுகூடச் சொல்லாமல் அந்த மரத்தைத் தாண்டிப் போய்விடும். அதனால் கோப்பைப் படித்ததும் மரங்களின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்: 40 மரம் கொடுத்து 39 வந்திருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

பெயர்தான் பெரிய வேலை. மென்பொருளுக்கு மீன் தெரியாது, எழுத்து மட்டுமே தெரியும். நம் பக்கம் ஒரே மீனை குரவை என்றும் குறவை என்றும் எழுதுகிறோம். விரால், வரால் இரண்டும் புழக்கத்தில் உண்டு. கோப்பில் இப்படிக் கலந்தால் அவை நான்கு வெவ்வேறு உயிரினங்கள். அறிவியல் பெயர்களிலும் இதே கதைதான். விராலை இன்று சன்னா ஸ்ட்ரியாட்டா என்கிறோம். பழைய கட்டுரைகளில் சன்னா ஸ்ட்ரியாட்டஸ் என்று இருக்கும், அதற்கும் முந்தையவற்றில் பேரினமே ஓபியோசெபாலஸ். பாறைக்குரவையான சன்னா காச்சுவாவைச் சில பழைய பட்டியல்கள் சன்னா ஓரியன்டாலிஸோடு சேர்த்துவிட்டன. பின்னது இலங்கைக்கு உரிய வேறு மீன். இங்கே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. மாதிரி எங்கே பிடித்தது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

கெண்டைகளில் குழப்பம் இன்னும் அதிகம். பழைய புன்டியஸ் பேரினம் 2012-இல் உடைக்கப்பட்டு பெதியா, டாகின்சியா, சிஸ்டோமஸ் என்று பிரிந்தது. புன்டியஸ் டிக்டோ இப்போது பெதியா டிக்டோ. புன்டியஸ் சரானா இப்போது சிஸ்டோமஸ் சரானா. புன்டியஸ் சோஃபோர் போன்ற சில பழைய பெயரிலேயே நிற்கின்றன. 2005-இல் வந்த ஒரு மரத்தையும் 2015-இல் வந்த ஒரு மரத்தையும் பெயர் திருத்தாமல் சேர்த்தால் இரண்டுக்கும் பொதுவான இனங்கள் மிகக் குறைவு என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும். விடையாக ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பாதிகள் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். ஆர் மென்பொருளில் ஏப் தொகுப்பை ஏற்றி, ரீட்-ட்ரீ மூலம் கோப்பைப் படியுங்கள். எல்லா மரங்களின் நுனிப் பெயர்களையும் ஒரே பட்டியலாக்கி, ஒவ்வொரு பெயரும் எத்தனை மரங்களில் வருகிறது என்று டேபிள் கட்டளையால் எண்ணுங்கள். ஒரே ஒரு மரத்தில் மட்டும் வரும் பெயர்கள்தான் சந்தேகத்துக்கு உரியவை. எழுத்துப் பிழையும் பழைய பெயரும் அங்கேதான் பதுங்கியிருக்கும். பிறகு இரண்டு நிரல் கொண்ட ஒரு விரிதாள் போடுங்கள்: மூலத்தில் உள்ள பெயர், நாம் வைக்கும் பெயர். திருத்தத்தை அந்தத் தாள் வழியாகவே செய்யுங்கள். கோப்பைத் திறந்து கையால் மாற்றினால் அடுத்த மாதம் எதை மாற்றினோம் என்று யாருக்கும் தெரியாது.

நுனிப் பெயர்களில் தமிழ் எழுத்து வேண்டாம். பழைய மென்பொருள்கள் படிக்காது. வெற்றிடம், காற்புள்ளி, முக்காற்புள்ளி, அடைப்புக்குறி எதுவும் கூடாது, சொற்களுக்கு இடையே அடிக்கோடு போடுங்கள். பிலிப் தொகுப்பின் பழைய வடிவத்தில் பெயருக்கு 10 எழுத்துதான் இடம். பேரினப் பெயரை முழுதாக எழுதினால் சிற்றினப் பெயரின் வால் வெட்டுப்பட்டு இரண்டு இனம் ஒன்றாகிவிடும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்த கோப்பை லினக்ஸில் ஓட்டும்போது வரிமுடிவுக் குறி வேறுபட்டு விசித்திரமான பிழைகள் வரலாம். அப்போது டாஸ்-டு-யூனிக்ஸ் என்ற சிறு கருவியால் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும்.

ஒருமித்த மரம்

முதல் நிலைக்காரர்களுக்கு வேலை சீக்கிரம் முடியும். ஏப் தொகுப்பில் கன்சென்சஸ் கட்டளை இருக்கிறது. பி (புரோபோர்ஷனின் முதல் எழுத்து) மதிப்பு 1 என்றால் எல்லா மரங்களிலும் உள்ள கிளைக்குழுக்கள் (கணு எனப்படும் ஒரே பிரிவுப் புள்ளியிலிருந்து வரும் இனங்களின் தொகுதிகள்) மட்டும் நிற்கும். 0.5 என்றால் பாதிக்கு மேற்பட்ட மரங்களில் வருபவை நிற்கும். பைத்தானில் பழகியவர்களுக்கு டென்ட்ரோபை தொகுப்போடு வரும் சம்ட்ரீஸ் வசதியானது: மரக்கோப்பைக் கொடுத்து, தொடக்கத்து மரங்களில் எத்தனையை விட வேண்டும் என்பதை பர்ன்-இன் அளவாகச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு கணுவுக்கும் சதவீதம் போட்டுத் தரும். மரம் கட்டும் ஐக்யூ-ட்ரீ மென்பொருளிலும் இந்த வசதி உண்டு.

ஒரு எச்சரிக்கை. வெவ்வேறு மரபணுக்களின் மரங்களைப் பெரும்பான்மைக் கணக்கில் சேர்த்துச் சிற்றின மரம் என்று சொல்லாதீர்கள். சிற்றினங்கள் அடுத்தடுத்துக் குறுகிய காலத்தில் பிரிந்திருந்தால், மிக அதிகமாகத் தென்படும் மரபணு மரமே சிற்றின மரத்திலிருந்து மாறுபட்டதாக இருக்க முடியும் என்று 2006-இல் டெக்னானும் ரோசன்பெர்க்கும் கணிதப்படி காட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெரும்பான்மை ஓட்டு தவறான வேட்பாளரைத்தான் ஜெயிக்க வைக்கும். மரபணுக்களைக் கூட்டக் கூட்ட அந்தத் தவறு உறுதிப்படும்.

மரபணு மரங்களிலிருந்து சிற்றின மரம்

ஆஸ்ட்ரல் அந்தச் சிக்கலை நான்கு நான்காக எடுத்துத் தீர்க்கிறது. எந்த நான்கு இனங்களுக்கும் வேரில்லாத (எது முதலில் பிரிந்தது என்று சொல்லாத) மூன்று வடிவங்கள்தான் சாத்தியம். நான்கை மட்டும் பார்க்கும்போது மரபணு மரங்களில் அதிகம் வரும் வடிவம் சிற்றின மரத்தின் வடிவமே, அங்கே மேற்சொன்ன பொறி கிடையாது. 8 இனம் இருந்தால் 70 நால்வர் தொகுதிகள். அவற்றை அதிகபட்சம் திருப்திப்படுத்தும் மரத்தை ஆஸ்ட்ரல் தேடுகிறது. 2014-இல் முதல் பதிப்பு வந்தது. ஆஸ்ட்ரல்-3 ஜாவாவில் ஓடும். இப்போது ஆஸ்டர் என்ற தொகுப்பில் ஜாவா தேவையில்லாத புதிய வடிவங்கள் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் ஆஸ்டரையே எடுக்கலாம். ஆஸ்ட்ரல்-3 முடிவுகளைக் கட்டுரைகளில் நிறையப் பார்ப்பீர்கள் என்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் மரபணு மரங்கள் வேண்டும். ஒவ்வொரு மரபணுவின் அலைன்மென்ட்டையும் (இடத்துக்கு இடம் பொருத்தி அடுக்கிய வரிசைகளை) தனிக் கோப்பாக ஒரே கோப்புறையில் வையுங்கள். ஐக்யூ-ட்ரீக்கு -எஸ் (பெரிய எழுத்து) போட்டு அந்தக் கோப்புறையின் பெயரைத் தந்தால், கோப்புக்கு ஒரு மரம் வீதம் தானே கட்டி, வரிக்கு ஒரு மரமாக ட்ரீஃபைல் என்ற முடிவுள்ள ஒரே கோப்பில் தரும். அதே எழுத்தைச் சிறியதாகத் தட்டினால் பொருள் வேறு, ஒற்றை அலைன்மென்ட் என்று ஆகிவிடும். -பி (பூட்ஸ்ட்ராப்பின் முதல் எழுத்து, பெரியது) 1000 என்பது அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப். 1000-க்குக் குறைவாக அது ஏற்காது. -எம் எம்எஃப்பி போட்டால் டிஎன்ஏ எப்படி மாறுகிறது என்பதற்கான மாதிரியத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். -டி (ட்ரீயின் முதல் எழுத்து, பெரியது) ஆட்டோ என்றால் கணினியில் எத்தனை கோர் பயன்படுத்தலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளும். ஓட்டத்தின் நடுவே கரண்ட் போனால் பதற வேண்டாம். ஐக்யூ-ட்ரீ இடையிடையே செக்பாயின்ட் கோப்பு எழுதிவைக்கிறது. அதே கட்டளையை மறுபடி தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த .சிகேபி கோப்பை அழித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். யுபிஎஸ் இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் ஒரு முழு இரவின் ஓட்டத்தை நம்பி விடுவதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

இங்கே பலர் செய்யும் ஒரு பிழை. சிஓ1, சைட்டோகுரோம் பி, 16எஸ் மூன்றையும் மூன்று மரபணு மரங்களாகக் கொடுப்பது. மூன்றும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரே வளையத்தில் இருப்பவை, தாய் வழியாகச் சேர்ந்தே வருபவை, ஒன்றுக்குள் ஒன்று மறுசேர்க்கை ஆகாதவை. அவை சொல்வது ஒரே வரலாறு. ஒரே ஆள் மூன்று பூத்தில் ஓட்டுப் போட்டது மாதிரி ஆகிவிடும். மூன்றையும் ஒன்றாகக் கோத்து ஒரே அலைன்மென்ட்டாக்கி, ஒரே மரமாகக் கொடுங்கள். உட்கருவிலிருந்து வரும் ராக்1 போன்றவை தனித்தனி மரங்களாக நிற்கலாம். இதை ஒப்புக்கொண்டால் பல ஆய்வுகளில் கையில் மொத்தம் இரண்டே மரங்கள்தான் மிஞ்சும். இரண்டு மரத்துக்கு ஆஸ்ட்ரல் தேவையில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கே முரண்படுகின்றன என்று எழுதுவதே நேர்மையானது. ஆஸ்ட்ரல் பலம் காட்டுவது சுதந்திரமான மரபணுக்கள் பத்துக் கணக்கில், நூற்றுக் கணக்கில் இருக்கும்போது.

மரபணு மரங்களில் ஆதரவு மிகக் குறைந்த கிளைகள் சத்தம்தான், தகவல் அல்ல. ஆஸ்ட்ரல்-3-க்குக் கொடுக்கும் முன் அவற்றைச் சுருக்கிவிட வேண்டும். நியூவிக் யுடிலிடீஸ் தொகுப்பில் உள்ள என்டபிள்யூ-எட் கருவியில், உட்கணுவாகவும் ஆதரவு 10 அல்லது அதற்குக் குறைவாகவும் இருந்தால் கிளையைத் திற என்று நிபந்தனை கொடுக்கலாம். 10 சதவீத அளவு பாதுகாப்பானது. 50, 70 என்று கடுமையாக வெட்டினால் முடிவு கெடும், ஏனென்றால் தகவலும் சேர்ந்து போய்விடும். ஆஸ்டரில் உள்ள டபிள்யூ-ஆஸ்ட்ரலை எடுத்தால் இந்த வெட்டலே வேண்டாம்: ஆதரவு மதிப்பையும் கிளை நீளத்தையும் எடைபோட்டுக் கணக்கிடும். அதனிடம் ஆதரவு எந்த அளவுகோலில் இருக்கிறது என்பதை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். பூட்ஸ்ட்ராப் 0 முதல் 100 வரை, பேயஸ் நிகழ்தகவு 0 முதல் 1 வரை. இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால் 0.98 ஆதரவுள்ள நல்ல கிளை ஒரு சதவீதம்கூட இல்லாத கிளையாகக் கணக்கில் சேரும்.

ஒரே இனத்தில் பல மாதிரிகள் இருந்தால் மேப்பிங் கோப்பு வேண்டும். ஒரு வரியில் சிற்றினப் பெயர், முக்காற்புள்ளி, பிறகு காற்புள்ளியிட்ட மாதிரிப் பெயர்கள். விராலுக்குக் கொள்ளிடத்தில் பிடித்த இரண்டு, வடுவூர் ஏரியில் ஒன்று, வீராணத்தில் ஒன்று என்றால்:

விரால்:கொள்ளிடம்1,கொள்ளிடம்2,வடுவூர்1,வீராணம்1

இந்தக் கோப்பை -ஏ (சிறிய எழுத்து) மூலம் கொடுக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: மேப்பிங் கொடுத்ததும் அந்த நான்கும் ஒரே சிற்றினம் என்று நீங்களே கட்டளையிட்டுவிட்டீர்கள். அவை உண்மையில் ஒன்றா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் மேப்பிங் இல்லாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டுவது ஒரே வரி: ஜாவா, -ஜார், ஆஸ்ட்ரல் கோப்பு, -ஐ போட்டு மரபணு மரக்கோப்பு, -ஓ போட்டு வெளியீட்டுக் கோப்பு. நினைவகம் போதவில்லை என்று ஜாவா புகார் சொன்னால் கட்டளையின் முன்பகுதியில் -எக்ஸ்எம்எக்ஸ் (முதல் எழுத்து மட்டும் பெரியது) 6000எம் என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து இடத்தை ஒதுக்குங்கள். கணினியில் இருக்கும் ரேமைவிடக் குறைவாக.

வெளியீட்டைப் படிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கணுவில் இருக்கும் எண் பூட்ஸ்ட்ராப் அல்ல, உள்ளூர்ப் பின்நிகழ்தகவு (அந்தக் கிளை உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பு), 0.95-க்கு மேல் என்றால் வலுவானது. உள் கிளைகளின் நீளம் கோலசன்ட் அலகில் (தலைமுறைகளை இனத்தொகை அளவால் வகுத்த கணக்கில்) இருக்கும், ஆண்டுக் காலமும் அல்ல, மாற்றங்களின் எண்ணிக்கையும் அல்ல. மரபணு மரங்களில் பிழை நிறைய இருந்தால் அந்த நீளம் உண்மையைவிடக் குறைவாக வரும். ஆஸ்ட்ரல்-3 நுனிக் கிளைகளுக்கு நீளமே தராது, அதனால் சில வரைபட மென்பொருள்களும் ஆர் கட்டளைகளும் முரண்டு பிடிக்கும். நுனிகளுக்கு ஏதாவது ஒரு நிலையான எண்ணைப் போட்டு வரையலாம், ஆனால் அந்த நீளத்துக்கு அர்த்தம் இல்லை என்று படத்தின் கீழே எழுத வேண்டும். மரம் வேரில்லாதது. வெளியீட்டில் தென்படும் வேர் தற்செயலாக விழுந்தது. வெளிக்குழுவை வைத்து நீங்கள்தான் வேரிட வேண்டும்.

ஆஸ்ட்ரல்-3-க்கு -டி (ட்ரீயின் முதல் எழுத்து, சிறியது) 2 என்று கொடுத்தால் ஒவ்வொரு கிளைக்கும் மூன்று நால்வர் வடிவங்களின் பங்கு தனித்தனியாகக் கிடைக்கும். எங்கள் பார்வையில் முழு வெளியீட்டிலும் மிக மதிப்புள்ள எண்கள் இவை. முதன்மை வடிவம் 0.5, மற்ற இரண்டும் ஏறக்குறைய 0.25, 0.25 என்றால், மூதாதை மரபணு வேறுபாடுகள் முழுதாகப் பிரிந்து தீராததால் வந்த சாதாரண முரண்பாடு. அதுவே 0.5, 0.4, 0.1 என்று சாய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்: இனங்களுக்கு இடையே கலப்பு நடந்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு மரபணுவின் அலைன்மென்ட் கெட்டிருக்கலாம். கலப்பைப் பற்றி எழுதும் முன் அலைன்மென்ட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

இன்னொரு பொறி நகல் மரபணுக்கள். சாதாரணக் கெண்டை எனப்படும் சைப்ரினஸ் கார்ப்பியோவின் முன்னோரில் முழு மரபுத்தொகுதியும் இரட்டிப்பானது. அதன் குரோமோசோம் எண்ணிக்கை சுமார் 100, புன்டியஸ் வகைகளில் பெரும்பாலும் 50. இப்படிப்பட்ட இனத்தில் ஒரே மரபணுவுக்கு இரண்டு நகல் இருக்கலாம். ஒரு மாதிரியில் முதல் நகலும் இன்னொன்றில் இரண்டாம் நகலும் படிக்கப்பட்டால் மரம் சொல்வது நகல்களின் வரலாறு, இனங்களின் வரலாறு அல்ல. இரண்டு நகலும் மரத்தில் இருந்தால் ஆஸ்ட்ரல்-ப்ரோ பயன்படுத்துங்கள், அது பல நகல் மரபணுக்களுக்காகவே எழுதப்பட்டது.

சூப்பர்ட்ரீ: கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

வெவ்வேறு இனப்பட்டியல் கொண்ட மரங்களைச் சேர்க்க மிகப் பழகிய முறை எம்ஆர்பி, அதாவது மரங்களை அட்டவணையாக்கிப் பார்சிமனியில் ஓட்டுவது. 1992-இல் பாமும் ராகனும் தனித்தனியாக முன்வைத்தது. மென்பொருளுக்குப் போகும் முன் சிறியதாகக் கையால் செய்துவிட்டால் பிறகு வரும் எந்தப் பிழையும் மர்மமாக இருக்காது.

முதல் மரம் மேலே நியூவிக் வடிவத்துக்குப் பார்த்த (பனையேறி,(குரவை,(விரால்,பூவிரால்))); மரம்தான். இரண்டாவது மரத்தில் பூவிரால் இல்லை, பாறைக்குரவை இருக்கிறது:

(பனையேறி,(பாறைக்குரவை,(குரவை,விரால்)));

ஒவ்வொரு மரத்திலும் உள்ள ஒவ்வொரு கிளைக்குழுவுக்கும் ஒரு நிரல். குழுவுக்குள் இருக்கும் இனத்துக்கு 1. அந்த மரத்தில் இருந்தும் குழுவுக்கு வெளியே நிற்பதற்கு 0. அந்த மரத்திலேயே இல்லாத இனத்துக்குக் கேள்விக்குறி. முதல் மரத்தில் இரண்டு குழு, இரண்டாவதில் இரண்டு, ஆக நான்கு நிரல்:

பனையேறி: 0 0 0 0
குரவை: 1 0 1 1
விரால்: 1 1 1 1
பூவிரால்: 1 1 ? ?
பாறைக்குரவை: ? ? 1 0

இந்த அட்டவணையை டிஎன்ஏ அலைன்மென்ட்டைப் போலவே பார்சிமனி மென்பொருளுக்குக் கொடுத்தால் குறைந்த மாற்றங்களில் முடியும் மரத்தைத் தேடும். இங்கே விடை ஒன்றே ஒன்று:

(பனையேறி,(பாறைக்குரவை,(குரவை,(விரால்,பூவிரால்))));

நான்கு நிரலுக்கு நான்கு மாற்றம். நிரல் எண்ணிக்கையும் மாற்றங்களின் எண்ணிக்கையும் சமம் என்றால் மூல மரங்களுக்குள் முரண்பாடே இல்லை. எந்த மூல மரத்திலும் ஒன்றாக இல்லாத பூவிராலும் பாறைக்குரவையும் இப்போது ஒரே மரத்தில் இடம் பிடித்துவிட்டன.

இப்போது மூன்றாவதாக, குரவையும் பூவிராலும் நெருங்கியவை என்று சொல்லும் (பனையேறி,(விரால்,(குரவை,பூவிரால்))); என்ற மரத்தைச் சேருங்கள். நிரல்கள் 6 ஆகும். மிகக் குறைந்த மாற்றம் 7. அந்த 7-ஐ இரண்டு வெவ்வேறு மரங்கள் எட்டும். ஒன்றில் விராலும் பூவிராலும் இணை, இன்னொன்றில் குரவையும் பூவிராலும் இணை. இரண்டின் கடும் ஒருமித்த மரத்தை எடுத்தால் மூன்றும் ஒரே கணுவிலிருந்து கிளம்பும். கணு அப்படி அவிழாமல் நிற்பது மென்பொருளின் குறை அல்ல, தரவு சொல்லும் பதில். சம மதிப்பெண் மரங்களில் முதலில் வந்ததை மட்டும் படமாகப் போடுவது வாசகரை ஏமாற்றுவது.

மென்பொருளில்: ஆர் தொகுப்பான ஃபேங்கார்னில் சூப்பர்ட்ரீ கட்டளை இருக்கிறது, இயல்பாகவே எம்ஆர்பி முறையில் ஓடும், மூல மரங்கள் வேரிட்டவை என்றால் ரூட்டட் மதிப்பை ட்ரூ என்று மாற்றுங்கள். ஃபைடூல்ஸ் தொகுப்பிலும் எம்ஆர்பி-சூப்பர்ட்ரீ உண்டு. முப்பது, நாற்பது இனங்கள் வரை இவை போதும். அதற்கு மேல் போனால் அட்டவணையை மட்டும் எடுத்து டிஎன்டி அல்லது பாப் என்ற பார்சிமனி மென்பொருளில் ராட்செட் தேடலோடு (நிரல்களின் எடையை மாற்றி மாற்றித் தேடும் முறையில்) ஓட்டுவது நல்லது. 10 இனத்துக்கே வேரில்லா மரங்கள் 20,27,025. ஆகவே பெரிய தரவில் எல்லா மரங்களையும் யாரும் பார்ப்பதில்லை. எல்லா மென்பொருளும் குத்துமதிப்பாகத்தான் தேடுகிறது, அதனால் தேடலை வெவ்வேறு தொடக்க எண்களில் பலமுறை ஓட்டி அதே மதிப்பெண் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 2005-இல் வந்த கிளான் என்ற மென்பொருள் சூப்பர்ட்ரீக்காகவே எழுதப்பட்டது. எக்ஸ்இ போட்டு மரக்கோப்பு, பிறகு ஹெச்எஸ் போட்டால் தேடல் தொடங்கும். எம்ஆர்பி தவிர வேறு அளவுகோல்களிலும் அதே தரவை ஓட்டிப் பார்க்கலாம் என்பதே அதன் தனிச் சிறப்பு. அளவுகோல் மாறினாலும் நிற்கும் கிளைகளை நம்பலாம்.

மூல மரங்களைச் சேகரிப்பதில் கவனம் வேண்டிய இடங்கள். இரண்டு மரங்களுக்கு இடையே குறைந்தது இரண்டு இனமாவது பொதுவாக இருக்க வேண்டும், நடைமுறையில் நான்கைந்தாவது வேண்டும். ஒரே மரத்தில் மட்டும் வரும் இனங்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரும் நாடோடிகளாகிச் சம மதிப்பெண் மரங்களைப் பெருக்கிவிடும். அவற்றை விலக்கி ஒருமுறை, சேர்த்து ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள். எம்ஆர்பிக்குத் தரும் மூல மரங்கள் வேரிட்டவையாக இருக்க வேண்டும். கட்டுரையில் வெளிக்குழு குறிப்பிடாமல் நடுப்புள்ளியில் வேரிட்ட மரத்தை அப்படியே எடுத்தால் 0-வும் 1-உம் தவறாக விழும். பெரிய மரம் அதிக நிரல் தரும், ஆகவே 60 இனங்கள் கொண்ட ஒரே ஆய்வு 8 இனங்கள் கொண்ட ஐந்து ஆய்வுகளை எளிதில் அமுக்கிவிடும். ஒரே ஜென்பேங்க் வரிசைகளை வைத்து மூன்று குழுக்கள் மூன்று மரம் வெளியிட்டிருந்தால் அது ஒரு சான்றுதான். அவற்றில் முழுமையான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள், அல்லது எடையைக் குறையுங்கள். எண்களைச் சேர்ப்பதில் அவசரப்படுபவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

மரம் படமாக மட்டும் கிடைத்தால் முதலில் ட்ரீபேஸ், ட்ரையாட் களஞ்சியங்களில் மூலக்கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் படத்தைப் பார்த்து நியூவிக் வரியைக் கையால் எழுதுங்கள். எழுதியதை மரம் வரையும் ஃபிக்ட்ரீ மென்பொருளில் திறந்து அச்சுப் படத்தோடு கணு கணுவாக ஒப்பிடுங்கள். அடைப்புக்குறி ஒன்று இடம் மாறினால் உறவே மாறிவிடும், மென்பொருளோ எந்தப் பிழையும் காட்டாது.

எம்ஆர்பி அட்டவணையின் நிரல்களை பூட்ஸ்ட்ராப் செய்து ஆதரவு போடாதீர்கள். ஒரு மரத்திலிருந்து வந்த நிரல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. மூல மரங்களையே குலுக்கி எடுத்து, ஒவ்வொரு முறையும் புதிதாக அட்டவணை போட்டு ஓட்ட வேண்டும். அதோடு இறுதி மரத்தின் ஒவ்வொரு கிளைக்குழுவையும் எடுத்து, எத்தனை மூல மரங்கள் அதை ஆமோதிக்கின்றன, எத்தனை மறுக்கின்றன, எத்தனை கருத்துச் சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்த மூல மரமும் சொல்லாத குழு சூப்பர்ட்ரீயில் முளைப்பது உண்டு. அப்படி வந்தால் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுத வேண்டாம். ஆஸ்ட்ரல் மரத்துக்கு இதே கணக்கை ஐக்யூ-ட்ரீயின் ஜிசிஎஃப் (கிளையோடு ஒத்துப்போகும் மரபணு மரங்களின் சதவீதம்) வசதி தானே செய்து தரும்: -டி (ட்ரீயின் முதல் எழுத்து, சிறியது) போட்டுச் சிற்றின மரம், இரண்டு மைனஸ் ஜிசிஎஃப் போட்டு மரபணு மரக்கோப்பு. பின்நிகழ்தகவு 1.0 உள்ள கிளைக்கு ஜிசிஎஃப் 30 என்று வந்தால் திகைக்க வேண்டாம். முதலாவது எவ்வளவு உறுதி என்பது, இரண்டாவது எவ்வளவு மரபணுக்கள் அப்படியே சொல்கின்றன என்பது. இரண்டையும் படத்தில் போடுங்கள்.

மரமே பொருந்தாத இடம்

நெல் ரகங்களை இப்படிச் சேர்க்கக் கேட்பவர்கள் டெல்டாவில் உண்டு. ஒரைசா பேரினத்தின் சிற்றினங்களுக்கு மேலே சொன்னவை பொருந்தும். ரகங்களுக்குப் பொருந்தாது. சி.ஆர். 1009 என்ற ரகம் பங்கஜ், ஜகந்நாத் என்ற இரண்டு ரகங்களின் கலப்பில் பிறந்தது. ஆடுதுறையில் வெளியான ரகங்களில் பலவும் இப்படிக் கலப்பில் வந்தவைதான். இரண்டு பெற்றோர் உள்ள ஒன்றை, கணுவுக்கு ஒரு மூதாதை மட்டும் அனுமதிக்கும் மரத்தில் எங்கே வைத்தாலும் பாதி வரலாறு பொய். இங்கே ஸ்ப்ளிட்ஸ்ட்ரீ போன்ற வலையமைப்பு மென்பொருளை எடுங்கள். மீன்களிலும் நால்வர் பங்குகள் மிகவும் சாய்ந்து, அலைன்மென்ட்டும் சுத்தமாக இருந்தால், ஃபைலோநெட் போன்ற வலையமைப்புக் கருவிகளின் பக்கம் போக வேண்டியதுதான்.

கட்டுரையோடு இணைக்க வேண்டிய கோப்புகள்: மூல மரங்கள் திருத்தாத வடிவில், பெயர் மாற்றத் தாள், திருத்திய மரங்கள், மேப்பிங் கோப்பு அல்லது எம்ஆர்பி அட்டவணை, மென்பொருள்களின் பதிப்பு எண்கள், தட்டிய கட்டளைகள் அப்படியே, தேடலின் தொடக்க எண். இறுதி மரத்தை நியூவிக் வடிவிலேயே தாருங்கள். ஃபிக்ட்ரீயிலோ ஐடாலிலோ வரைந்த வண்ணப் படத்தை மட்டும் கொடுத்தால், நாளை இதே வேலையைத் தொடர்பவர் உங்கள் படத்தைப் பார்த்து அடைப்புக்குறி எண்ணிக்கொண்டிருப்பார்.